சுட்ட மண்ணில் ஒரு கடற்கரை நகரம்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் பணித்தபொழுது, மூவேந்தர் பெருமையையோ முசிறித் துறையின் வளத்தையோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால், சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் ஒழுகிய கூரை ஒன்றைப் பிரித்து ஓடு மாற்றியபொழுது கண்ட காட்சி நம் எண்ணத்தை வேறு வழியில் செலுத்திவிட்டது. இறக்கி வைத்த பழைய ஓடுகளின் அடிப்புறத்தில் தேய்ந்த எழுத்துக்கள் இருந்தன. சிறுவர் அவற்றைச் சூழ்ந்து நின்று, “இதை எழுதியவர் யார்? எந்த ஊர்?” என்று வினவினர். மண்ணில் எழுதிய எழுத்து, சூளையில் வெந்த எழுத்து. அது சொல்லும் கதையைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம் என எழுந்ததே இக்கட்டுரை.

தலைக்குமேல் ஒரு வரலாறு

மங்களூர் ஓடு என நாம் வழங்கும் கூரை ஓட்டை 1865இல் மங்களூரில் செய்யத் தொடங்கியவர் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர். பின்னர்க் கோழிக்கோடு, பாலக்காடு முதலிய இடங்களிலும் அம்மிஷனின் ஓட்டுச் சாலைகள் எழுந்தன. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இவ்வோட்டின் அமைப்பு இந்நாட்டில் பிறந்ததன்று. 1841இல் பிரான்சு நாட்டுக் கில்லார்டோனி சகோதரர் அதற்கு உரிமை பெற்றனர். மத்தியதரைக் கடற்கரையிலுள்ள மார்சேல் துறைமுகத்தைச் சூழ்ந்த சூளைகள் அதனைப் பெருவாரியாகச் செய்து கப்பலேற்றின. ஆதலின், பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் இடுக்கி மலையின் மழையையும் தடுத்து நம்மைக் காக்கும் ஓட்டுக்கு மத்தியதரைக் கடலோடு ஓர் உறவு உண்டு.

அவ்வுறவு நேற்று முளைத்ததுமன்று. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டால் அறிகின்றோம். அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்தபொழுதும், கொடுங்கல்லூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் அகழ்ந்தபொழுதும் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. மேலைக் கடற்கரையிலிருந்து கொங்கு நாட்டுக்கு வணிகர் சென்ற வழி நம் பாலக்காட்டுக் கணவாயே. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் புதையலாய்க் கிடைத்த உரோம நாணயங்கள் அதற்குச் சான்று பகரும். அங்கிருந்து மண்சாடி வந்தது. இங்கிருந்து மிளகு போயிற்று.

மண் காக்கும் பொருளாய் மட்டும் நிற்பதில்லை. ஓவியமாகவும் நிற்கும். சுவரில் பதிக்கும் ஓட்டில் ஊர்களையும் துறைமுகங்களையும் தீட்டி வைக்கும் கலை மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் தழைத்தது. அக்கலையின் ஒரு கிளை நம் மேலைக் கடற்கரையிலும் வந்து படர்ந்திருக்கின்றது.

நீல ஓடு செய்யும் முறை

போர்த்துக்கல் நாட்டார் இவ்வோட்டை ‘அஸுலேஜோ’ என்பர். அவர்கள் மொழியில் ‘அஸுல்’ என்பது நீலத்தைக் குறிப்பதால், நீல ஓடு என்பதே இதன் பொருள் எனப் பலரும் கருதுவர். அது பொருந்தாது. மெருகிட்ட சிறு கல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லே இதன் தாய். வட ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற மூர்கள் இக்கலையை ஸ்பெயினில் வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கல் மன்னர் மானுவேல், செவில் நகரிலிருந்து ஓடுகளை வரவழைத்துச் சிந்த்ராவிலுள்ள தம் அரண்மனையை அணிசெய்தார். வாஸ்கோ ட காமாவை நம் கடற்கரைக்கு ஏவியவரும் இம்மன்னரே.

இவ்வோவியம் எழும் முறை அறியத் தக்கது. நன்றாகப் பிசைந்து பலகைபோல் தட்டிய களிமண்ணை ஏறத்தாழ 14 சென்டிமீட்டர்ச் சதுரங்களாக அறுத்து, நிழலில் உலர்த்தி, ஒருமுறை சூளையிலிடுவர். வெந்த ஓட்டை வெள்ளீயமும் காரீயமும் கலந்த கரைசலில் தோய்ப்பர். அது காய்ந்தபின் ஓட்டின் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெண்மை பெறும். பின்னர் ஓடுகளை வரிசையாக அடுக்கி, துளையிட்ட தாளை அவற்றின்மேல் விரித்துக் கரித்தூளைத் தட்டுவர். சேலையில் பூவேலை செய்வோர் துளைத்தாளின்மேல் பொடி தேய்ப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். புள்ளிகளால் உருவம் பதிந்ததும் ஓவியர் கோபால்ட்டு மையைத் தொட்டுத் தீட்டத் தொடங்குவர்.

இங்குதான் கைத்திறம் சோதிக்கப்படுகின்றது. தூள்போன்ற அவ்வெண்பூச்சு மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். இட்ட கோட்டை அழித்து எழுத இயலாது. தீட்டும்பொழுது நிறமும் மங்கலாகவே தோன்றும். மீண்டும் ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்தில் சூளையில் வெந்து வெளிவரும்போதே ஆழ்ந்த நீலம் கண்விழிக்கும். அதன்பின் வெயிலில் அது மங்காது, மழையில் கரையாது. நம் ஊர்க் குயவர் அய்யனார்க்குச் செய்யும் சுடுமண் புரவியும் இவ்வாறே நெருப்பில் உறுதி பெறுவதை நாம் அறிவோம்.

நகரமே அழிந்தபின்னும் ஓடு நின்றமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1700ஆம் ஆண்டையொட்டி லிஸ்பன் நகரின் ஆற்றங்கரைத் தோற்றம் முழுவதையும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஓடுகளில் தீட்டினர். அவ்வோவியத்தின் நீளம் 23 மீட்டர் அளவினது. 1755 நவம்பர் முதல் நாள் நிகழ்ந்த பெருநில நடுக்கமும், கடற்பெருக்கும், தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்தன. அரண்மனையும் போயிற்று, அங்காடியும் போயிற்று. நடுக்கத்துக்கு முன்னிருந்த லிஸ்பனைக் காண விழைவோர் இன்று அங்குள்ள தேசிய ஓட்டு அருங்காட்சியகத்துக்குச் சென்று அந்தச் சுட்ட மண்ணைத்தான் காணவேண்டும்.

செயூத்தா என்னும் கடற்கரை நகரம்

இனி, நம் கட்டுரைக்கு நடுவாய் அமைந்த நகரத்துக்கு வருவோம். மத்தியதரைக் கடல் அட்லாண்டிக்கோடு கூடும் வாயிலில், ஜிப்ரால்ட்டருக்கு எதிரே, ஆப்பிரிக்கக் கரையில் கடலுக்குள் நீண்ட சிறு நிலமுனை ஒன்றுண்டு. அதன்மேல் அமைந்த பழம்பெரும் துறைமுகம் செயூத்தா. உரோமர் அதனை ஆண்டனர். அரபு மொழியாளர் அதனைச் சப்தா என்றனர். சகாரா வழியாக வந்த பொன்னும், கீழை நாடுகளிலிருந்து பல கை மாறி வந்த மிளகும் பட்டையும் அங்கே குவிந்தன. 1154இல் சிசிலி அரசருக்காக உலகப் படம் வரைந்து இந்தியாவைப் பற்றியும் எழுதிய புவிநூலறிஞர் அல் இத்ரீசி அந்நகரில் பிறந்தவர் என்பர்.

1415 ஆகஸ்டு 21ஆம் நாள் போர்த்துக்கல் மன்னர் முதலாம் ஜோவாம் தம் மைந்தரோடு பெருங்கடற்படை கொண்டு அந்நகரின்மேல் இறங்கினார். ஒரே பகலில் நகர் வீழ்ந்தது. பெரிய பள்ளிவாசல் கிறித்தவக் கோயிலாக மாற்றப்பட்டது. அங்கேயே இளவரசர்கள் வீரப்பட்டம் பெற்றனர். அவர்களுள் ஒருவர் என்றிக்கே. பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல்களை மேலும் மேலும் செலுத்தி, கடலோடி என்னும் புகழ்ப்பெயர் பெற்றவர் அவரே. அன்று செயூத்தாவில் தொடங்கிய பயணம் 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்து, 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வந்து நின்றது. மிளகு விளையும் மலையைத் தேடி வந்த அப்பயணத்தின் இலக்கு நாம் இன்று வாழும் இம்மலைத்தொடரின் விளைபொருளே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இச்செயூத்தா வெற்றியை ஓட்டில் தீட்டியவர் ஜார்ஜ் கொலாசோ. போர்த்துக்கல்லின் போர்த்தோ நகரில் 1916இல் திறக்கப்பட்ட சாவ் பென்தோ இரயில் நிலையத்தின் முன்மண்டபச் சுவர்களில் அவர் தீட்டிய ஏறத்தாழ 20,000 ஓடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு பெரும் பரப்பு 1415ஆம் ஆண்டுச் செயூத்தாவைக் காட்டுகின்றது. நீலமும் வெண்மையுமான அக்காட்சிக்குத் தலைவர் என்றிக்கே இளவரசர். வண்டி பிடிக்க ஓடும் பயணியர் நாள்தோறும் அவ்வெற்றியின் முன்னே நடந்து செல்கின்றனர். ஆனால், அந்நகரில் வாழ்ந்தவர் யாவர், எத்தெருவில் என்ன விற்றனர், தோற்றபின் எங்கே போயினர் என்பவற்றை அவ்வோடு கூறாது. கூறும்படி எவரும் அதைக் கேட்கவுமில்லை.

பணஜியில் ஒரு மண்டபம்

கொலாசோ 1868இல் பிறந்தது செயூத்தாவுக்கு அண்மையிலுள்ள டாஞ்சியர் நகரில். அதே டாஞ்சியரில் 1304இல் பிறந்த இபின் பதூதா என்னும் பெருவழிப்போக்கர் 1340களில் கோழிக்கோட்டையும் மதுரையையும் கண்டு எழுதி வைத்தார். அவர் வந்து அறுநூறு ஆண்டுகள் நிறையுமுன் கொலாசோவின் கைவண்ணமும் இந்தியாவுக்கு வந்தது. கோவாத் தலைநகரான பணஜியில், 1871இல் வாஸ்கோ ட காமாவின் பெயரால் தோன்றிய கழகத்தின் முன்மண்டபத்தில் 1935ஆம் ஆண்டு ஓட்டோவியங்கள் அமைந்தன. அவற்றைத் தீட்டியவர் கொலாசோ. காமாவின் கடற்பயணத்தைப் பாடும் கமோயிசின் ‘லூசியாதாஸ்’ என்னும் 1572ஆம் ஆண்டுக் காப்பியத்தின் காட்சிகளே அங்கு நீலமாய் விரிந்துள்ளன.

1961இல் கோவா விடுதலை பெற்றது. 1963இல் அக்கழகத்தின் பெயர் மாறிற்று. போர்த்துக்கேய ஆட்சியை எதிர்த்து எழுதிய கோவா இதழாளர் மெனேசஸ் பிரகான்சாவின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியதே தவிர, ஓவியத்தை எவரும் உடைக்கவில்லை. ஆதிக்கத்தை எதிர்த்தவரின் பெயர் தாங்கிய மாளிகையில் ஆதிக்கத்தின் காப்பியம் இன்றும் ஒளிர்கின்றது. இதனைக் குறையாக நாம் கருதவில்லை. கலையைக் காத்தல் பெருந்தன்மை. எனினும் அம்மண்டபத்தில் நிற்பவர் தம்முள் எழுப்பவேண்டிய வினா ஒன்று உண்டு: கோழிக்கோட்டார் இக்கதையைத் தீட்டியிருந்தால் அது எவ்வாறு இருந்திருக்கும்?

கோழிக்கோட்டார் தீட்டவில்லை, ஆயினும் மலபாரில் ஒருவர் எழுதினார். பாலக்காட்டைத் தழுவி ஓடும் பாரதப்புழை கடலோடு கலக்குமிடம் பொன்னானி. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த சைனுத்தீன் மக்தூம் என்னும் அறிஞர், போர்த்துக்கேயர் வந்த நாள் முதல் மலபார் மக்கள் பட்ட துயரை அரபு மொழியில் நூலாக்கினார். 1502இல் காமா மீண்டும் வந்து கோழிக்கோட்டைப் பீரங்கியால் தாக்கியதும், மெக்காவிலிருந்து திரும்பிய மரக்கலத்தைப் பயணியரோடு எரித்ததும் காப்பியத்தின் புகழுரைக்குள் அடங்காதவை. இக்கரையின் குரல் நம் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

கொச்சியில் எஞ்சிய தளம்

ஊரைவிட்டு வந்தோரும் ஓடும் கூடிய மற்றோர் இடம் கொச்சி மட்டாஞ்சேரி. ஸ்பெயினிலிருந்தும் பிற மேலை நாடுகளிலிருந்தும் துரத்தப்பட்டும் பெயர்ந்தும் வந்த யூதர், கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகே அளித்த நிலத்தில் 1568இல் தொழுகைக் கூடம் எழுப்பினர். வந்தேறியோர் ஆதலின் அவர்களைப் ‘பரதேசிகள்’ என்றே அயலார் அழைத்தனர். அப்பெயரே அக்கூடத்துக்கும் நிலைத்தது. 18ஆம் நூற்றாண்டில் பெருவணிகர் எசக்கியேல் ரகாபி சீனத்துக் கான்டன் துறையிலிருந்து நூற்றுக்கணக்கான பீங்கான் ஓடுகளை வரவழைத்துத் தளமிட்டார். நீல நிறத்தில் கையால் தீட்டிய அவ்வோடுகளின்மேல் வெறுங்காலோடு நடக்கவேண்டும்.

1948க்குப்பின் அச்சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். இன்று ஏறத்தாழ எல்லாரும் போய்விட்டனர். கூடமும் தளமும் நிற்கின்றன. ஆனால் அவ்வோடுகளில் இருப்பது சீனரின் கைவண்ணம். அவற்றின்மேல் நடந்தோர் விட்டுவந்த ஊர்களின் உருவம் அதில் இல்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும், தம் கதையைத் தாமே பதித்து வையாதார்க்குப் பிறர் வரைந்த அழகே எஞ்சும் போலும்!

ஊரை எண்ணி வைத்தவர்

இந்நிலையில் செயூத்தாவுக்கே மீள்வோம். நகர் வீழ்ந்து ஏழு ஆண்டுகள் கழிந்தபின், 1422இல், அந்நகரத்தவரான அல் அன்சாரி என்பவர் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் போர் முழக்கம் இல்லை, பழிச்சொல்லும் பெரிதில்லை. தம் ஊரில் என்னென்ன இருந்தன என்று எண்ணி எழுதினார். பள்ளிவாசல்கள், நூலகங்கள், கடைத்தெருக்கள், குளியற்கூடங்கள், வணிகர் தங்கும் விடுதிகள், மாவாலைகள், அப்பஞ்சுடும் அடுப்புக்கள் என வகைவகையாக எண்ணிக்கையோடு குறித்தார். ஊரை இழந்தவர் ஊரின் அடுப்பையும் எண்ணி வைத்தார் என்பதைப் படிக்கும்பொழுது நெஞ்சு நெகிழாதார் யார்?

செயூத்தா 1668 முதல் ஸ்பெயினுக்கு உரியதாய் இருக்கின்றது. போர்த்தோவின் ஓடு அதனை வெற்றிக்களமாகக் காட்டுகின்றது. அல் அன்சாரியின் ஏடோ அதனை மக்கள் வாழ்ந்த ஊராகக் காட்டுகின்றது. 1415க்கு முன் அந்நகரம் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் ஓட்டை விடுத்து அவர் ஏட்டையே நாடுவர். ஓடு நெடுங்காலம் நிற்கும். ஆனால் தீட்டச் செய்தவர் சொன்னதையே அது சொல்லும்.

நம் ஊர்களை எண்ணுவார் யார்?

இத்துணைத் தொலைவு சுற்றி வந்தது நம் வாயிற்படியில் நிற்பதற்கே. இடுக்கி மலையில் வாழும் தமிழர் பலரின் முன்னோர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கூலி வேலைக்காக மலையேறியவர். 1877இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று மன்னரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்றார். காட்டை வெட்டியோர், தேயிலை நட்டோர், மூட்டை சுமந்தோர் ஆகியோருள் மிகப் பலர் நம்மவர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. 1908இல் அது சிறு இரயில் பாதையாயிற்று. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலைப் பெருவெள்ளம் பழைய மூணாற்றையும் இரயில் பாதையையும் வாரிச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் இன்றும் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். பாதை மீண்டும் எழவில்லை.

லிஸ்பனின் 1755 எதுவோ, மூணாற்றின் 1924 அதுவே. லிஸ்பனுக்கு 23 மீட்டர் ஓட்டோவியம் இருந்தது. பழைய மூணாற்றுக்குத் தோட்டத் துரைமார் எடுத்த சில புகைப்படங்கள் இருக்கின்றன. பாலமும் எஞ்சினும் மாளிகையும் அவற்றில் தெளிவாக உள. லயத்தின் உட்புறம், பொதுக்குழாயடி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய மரம் ஆகியவற்றை யார் எடுத்தனர்?

வெகுநாள் போகவேண்டியதில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் மண்ணுள் புதைந்தன. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். அந்த லயங்களில் எந்த அறையில் எந்தக் குடும்பம் இருந்தது, அவர்தம் பாட்டன் எந்த ஊரிலிருந்து மலையேறினான் என்பவற்றைச் சொல்லும் ஏடு நம் கையில் உண்டா? அழிந்தது வீடுகள் மட்டுமல்ல. அவ்வீடுகளைப் பற்றி அறிந்திருந்தோரும் உடனழிந்தனர்.

பாலக்காட்டுப் பக்கத்து நிலையும் வேறன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய எல்லைப் பகுதிகளில் தலைமுறை பலவாய் வாழ்வோர் உளர். தொழில்நாடி அண்மையில் வந்தோரும் உளர். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்று மேன்மை அடைகின்றனர். அது நன்றே. ஆனால், “உன் பாட்டியின் ஊர் எது?” என்று கேட்டால் பலர் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். தாயும் சில வேளைகளில் விடையறியாது நிற்கின்றாள். இது பிள்ளைகளின் குற்றமன்று. எண்ணி வைக்காத நம் குற்றமே.

ஆதலின் சங்கத்தார்க்கும் அன்பர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுப்போம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதித் தருக. முன்னோர் ஊர் எது, எவ்வாண்டில் எவ்வழியே வந்தனர், முதலில் குடியேறிய லயம் அல்லது தெரு யாது, அங்குக் கிணறு எத்தனை, கோயில் எது, அடுப்பு எத்தனை என்பவற்றைக் குறிக்க. முதியோர் சொல்ல, பேரன் பேத்தியர் எழுதுக. நடை அழகாய் இருக்கவேண்டும் என்பதில்லை. எண்ணிக்கை உண்மையாய் இருந்தால் போதும்.

தாள்கள் சேர்ந்தபின், சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒரு முழ அகலமேனும் ஓடு பதிப்போம். பாலக்காட்டிலும் எல்லைக்கு அப்பாலும் குயவர் குடும்பங்கள் இருக்கின்றன. சூளையும் மண்ணும் நமக்குப் புதியன அல்ல. காப்பியத் தலைவரைத் தீட்டவேண்டாம். கம்பிவழி இறங்கும் தேயிலைப் பெட்டியையும், கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணையும், லயத்து வாசலில் இட்ட கோலத்தையும் தீட்டுவோம். தீட்டுமுன் நம்மிடையே உள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதத் தொடங்குவோம். அவர்கள் சொல்லத் தயங்கவில்லை. நாம்தான் இன்னும் கேட்கவில்லை.